லோரி யாருடையது? கேமரன் மலையில் விபத்துக்குப் பின் எழும் முதல் கேள்வி

கடந்த 2025 மே 13ஆம் தேதி காலையில், பேராக் தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றி வந்த லோரி ஒன்று, போலீஸ் கலகத் தடுப்புப் படையின் டிரக் மீது மோதியது. படையைச் சேர்ந்த 9 பேர் இறந்தனர். தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி விழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். திருவிழாவுக்குப் போய் வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் அந்தச் செய்தி பல நாள் பேசப்பட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9ஆம் தேதி கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர்.

இரண்டு விபத்துகளும் அரசாங்கத்தை உலுக்கின. லோரி ஓட்டுநர் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார். வாகனங்களை இயக்கிய நிறுவனங்களின் உரிமங்கள் மீது தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட் நடவடிக்கை எடுத்தது. கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்ற விதியைக் கட்டம் கட்டமாக அமலாக்கும் பணி 2025 அக்டோபர் 1 முதல் தொடங்கியது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் இவையெல்லாம் அடுத்த விபத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடுகள். நேற்று அடிபட்டு இன்று மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கு இவற்றால் ஒரு காசும் வராது. அவருக்குப் பணம் எங்கிருந்து வரும், யாரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பது வேறு கதை. அந்தக் கதை தோட்டத்து லயங்களில் பலருக்கும் தெரியாது.

கேமரன் மலைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மலையில் எது விளைந்தாலும் லோரியில்தான் இறங்க வேண்டும். காய்கறி, பூ, தேயிலை இறங்குகின்றன. உரம், கோழி எரு, கட்டுமானப் பொருள் ஏறுகின்றன. ஒரு பக்கம் ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலை. மறுபக்கம் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் போகும் வழி மூன்றாவது. விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பேருந்துகளும் கார்களும் இதே சாலைகளில்தான் நெருக்கியடித்து வருகின்றன. 2010 டிசம்பர் 20ஆம் தேதி சிம்பாங் பூலாய் சாலையில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளின் பேருந்து விபத்துக்குள்ளாகி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மலையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றுக்கு நடுவில், ஒரு மோட்டாரில் கணவனும் மனைவியுமாக வேலைக்குப் போகும் தோட்டத்து மக்களும் இருக்கிறார்கள்.

விபத்து நடந்தவுடன் எல்லாரும் கேட்பது, தப்பு யார் மேல் என்பதைத்தான். சட்டத்தின் கண்ணில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மோதிய லோரி யாருடையது? அடிபட்டவர் அந்த நேரத்தில் வேலையில் இருந்தாரா? இதற்கான பதில்தான் அவருடைய வழக்கின் பாதையைத் தீர்மானிக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், தோட்டத்துக்குச் சொந்தமான லோரியில் மலைக்குப் போகிறார். அதை ஓட்டுபவரும் அதே தோட்டத்தில் சம்பளம் வாங்குபவர். வளைவில் லோரி சாய்ந்து அவருக்குக் கால் முறிகிறது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எல்லாருக்கும் தெரியும். அவர் தோட்ட நிர்வாகத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

முடியாது. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. சொக்சோ சந்தாதாரர் வேலை தொடர்பான காயத்துக்காகத் தம் முதலாளியிடமிருந்தோ, அதே முதலாளியிடம் வேலை செய்யும் இன்னொருவரிடமிருந்தோ நஷ்டஈடு கோர முடியாது. அவருக்குக் கிடைப்பது சொக்சோ பணம் மட்டுமே. தப்பு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, பணம் ஓரளவு சீக்கிரம் வரும் என்பது இதில் உள்ள நன்மை. வலிக்கும் வேதனைக்கும் தனி இழப்பீடு கிடையாது என்பது நஷ்டம்.

இதே பெண் மோட்டாரில் வேலைக்குப் போகும்போது வெளியூர் நிறுவனத்தின் காய்கறி லோரி மோதினால் நிலைமை அடியோடு மாறுகிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தையும் அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு வேலை விபத்தாகவே கருதுகிறது. ஆகவே சொக்சோ உண்டு. 31ஆவது பிரிவின் தடை முதலாளிக்கும் சக ஊழியருக்கும் மட்டுமே கேடயம். வெளி நிறுவனத்தின் லோரிக்கு அது உதவாது. ஆகவே லோரி ஓட்டுநர் மீதும் உரிமையாளர் மீதும் வழக்கும் போடலாம். ஒரே விபத்தில் இரண்டு வழி. பலர் சொக்சோ பணம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு சொக்சோ பக்கமே போவதில்லை. இரண்டும் கையில் இருப்பதைத் தவறவிடுவதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சிக்கலான இடம் இருக்கிறது: குத்தகையாளரின் லோரி. இன்று தோட்டங்களில் பல வேலைகள் குத்தகைக்கு விடப்படுகின்றன. கொழுந்து ஏற்றும் லோரி தோட்டத்துடையதா, வெளியார் லோரியைத் தோட்டம் வாடகைக்கு எடுத்ததா? ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அடிபட்ட தொழிலாளியின் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? முதலாளி வேறு வேறு என்றால் வழக்குக்கு இடம் இருக்கிறது. லோரியின் கதவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. ஒருவர் பெயரில் உள்ள பெர்மிட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விடும் பழக்கம் கிரிக் விபத்துக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்ததை வாசகர்கள் படித்திருப்பார்கள். வாகன எண்ணைக் கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவில் தேடினால் பதிவு உரிமையாளர் யார், காப்புறுதி எந்த நிறுவனத்தில் என்று தெரிந்துவிடும். அதனால்தான் அந்த எண்ணை அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்வது அவ்வளவு முக்கியம்.

லோரியில் இலவசமாக ஏறிப் போகும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையில் பேருந்து குறைவு. "அண்ணே, பிரிஞ்சாங் வரைக்கும் ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டு ஏறிப் போகாதவர் யார்? ஆனால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 91ஆவது பிரிவின்படி, கட்டாயக் காப்புறுதி எல்லாப் பயணிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டணத்துக்கு ஏற்றப்படுபவரும், வேலை ஒப்பந்தத்தின் காரணமாக ஏற்றிச் செல்லப்படுபவரும்தான் அதற்குள் வருகிறார்கள். சும்மா ஏறியவருக்கு அடிபட்டால் உரிமையாளர் மீது வழக்குப் போடலாம், வெல்லவும் செய்யலாம். காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிட்டால் தீர்ப்பின் பணத்தை ஒரு பழைய லோரியின் சொந்தக்காரரிடமிருந்து வசூலிக்க வேண்டியிருக்கும். கிடைக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

எதிரே வந்த வாகனத்துக்குக் காப்புறுதியே இல்லை என்றால்? அதற்கென்று காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மோட்டார் காப்புறுதியாளர் கழகம் இருக்கிறது. காப்புறுதி இல்லாத வாகனத்தால் காயமடைந்தவர் அங்கே மனுச் செய்யலாம். மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாத நிலையில் அந்தக் கழகம் தன் விருப்பின் பேரில்தான் உதவும்.

முதல் சில நாள்கள்

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும். மோட்டாரில் போனவரும் ஓட்டுநர்தான். மருத்துவமனையில் படுத்திருப்பவரால் முடியாது என்பது போலீஸாருக்கும் தெரியும். ஆனால் வீடு திரும்பிய பிறகும் "அவங்கதான் புகார் கொடுத்துட்டாங்களே" என்று விட்டுவிடக் கூடாது. லோரிக்காரர் கொடுத்த புகாரில் லோரிக்காரரின் கதைதான் இருக்கும். மோட்டார் திடீரென்று குறுக்கே வந்தது என்ற ஒரு வரி, பதில் இல்லாமல் கிடந்தால், இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அதுவே கனத்துவிடும். தாமதமாகக் கொடுத்தாலும் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுதிக் கொடுக்கலாம். மலாய் சரளமாக வராதவர்கள் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போய், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

எங்கே புகார் செய்வது என்பதில் மலை மக்களுக்கு ஒரு குழப்பம் வழக்கம். கேமரன் மலை பகாங்கில் இருக்கிறது; கீழே இறங்கும் இரண்டு முக்கியச் சாலைகளும் பேராக்கில் போய் முடிகின்றன. தாப்பா சாலையின் கீழ்ப்பகுதியில் விபத்து நடந்தால் விசாரணை பேராக் போலீஸிடம்தான். ஆனாலும் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அது சம்பவம் நடந்த மாவட்டத்துக்கு அனுப்பப்படும். விசாரணை அதிகாரியின் பெயரையும் எந்த மாவட்டம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் பின்னாளில் ஆவணம் எடுக்க இரண்டு மாநிலத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.

மருத்துவமும் அப்படித்தான் பிரிந்து கிடக்கும். முதலில் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை. எலும்பு அல்லது தலைக் காயம் பெரிதாக இருந்தால் ஈப்போ போன்ற பெரிய ஊருக்கு அனுப்புவார்கள். பிறகு தோட்டத்து டிரெசரிடம் கட்டு மாற்றுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு. வழக்கு என்று வந்தால் இந்தச் சீட்டுகள், எம்சி, மருந்து ரசீது, மருத்துவமனைக்குப் போய்வந்த வாடகைக் காரின் செலவு, பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலையை விட்டது எல்லாம் எண்ணப்படும். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்தாலே போதும். போலீஸின் விபத்து வரைபடம், விசாரணை முடிவு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றைக் கட்டணம் கட்டி வழக்கறிஞர் எடுத்துத் தருவார்.

சொக்சோவுக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டியது முதலாளி. விபத்து பற்றித் தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆபீஸ் கிராணியிடம் போய் "அறிக்கை போயிடுச்சாங்க?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்றால் வழித்தட வரைபடமும் வருகைப் பதிவும் கேட்பார்கள். வழியில் சொந்த வேலைக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால் கோரிக்கை அடிபடக்கூடும். கம்போங் ராஜா சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்பும்போது நடந்த விபத்தை வேலைப் பயணம் என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. தப்பாக எழுதினால் உண்மையான வழக்கும் கெட்டுவிடும்.

நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக முடக்க உதவித்தொகை உண்டு. சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. மாதம் 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 ரிங்கிட் வரும். காயம் நிரந்தரமானால் மருத்துவ வாரியம் எத்தனை விழுக்காடு முடக்கம் என்று கணக்கிடும். 20 விழுக்காடு வரை என்றால் மொத்தமாகப் பணம். அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் பெறலாம். இறந்துவிட்டால் நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு குடும்பத்துக்கு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவருக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் இந்த வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் அவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். சொல்லி வைத்தால் புண்ணியம். வேன், நான்கு சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் பட்டணத்துத் தம்பிகளுக்கு 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் அவர்களே பதிந்து சந்தா கட்டியிருக்க வேண்டும்.

வழக்கில் எவ்வளவு கிடைக்கும்?

லயத்தில் இதற்கு ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். உண்மையில் கணக்கு இரண்டு பகுதி. வலி, வேதனை, உறுப்பு இழப்புக்கு நீதிமன்றங்கள் முந்தைய தீர்ப்புகளையும், வழக்கறிஞர் மன்றம் தொகுத்து 2018இல் திருத்திய காய இழப்பீட்டுத் தொகுப்பையும் பார்த்து ஒரு வரம்புக்குள் தொகை கொடுக்கின்றன. இதில் பெரிய வேறுபாடு வராது. வேறுபாடு வருவது எதிர்கால வருமான இழப்பில். அதை 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு ஒரு வாய்ப்பாடாகவே வகுத்திருக்கிறது. 30 வயதும் அதற்குக் குறைந்தவரும் என்றால் 16 ஆண்டு வருமானம். அதற்கு மேல் என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும்.

40 வயதுக்காரர் ஒருவர் மாதம் 1,700 ரிங்கிட் சம்பாதித்தார், தமக்கென்று 700 ரிங்கிட் செலவழித்தார், இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். சொந்தச் செலவைக் கழித்தால் மாதம் 1,000 மிச்சம். அறுபதில் நாற்பது போக இருபது, அதில் பாதி பத்து ஆண்டு. 1,000 ரிங்கிட்டை 12 மாதத்தாலும் 10 ஆண்டாலும் பெருக்கினால் 120,000 ரிங்கிட். 2019 செப்டம்பர் 1க்கு முன் இந்த 60 என்பது 55 ஆக இருந்தது. அப்போது இவருக்கு ஏழரை ஆண்டுதான், அதாவது 90,000 ரிங்கிட். 57 வயதுக்காரருக்கு அன்று ஒன்றுமே இல்லை. இன்று ஒன்றரை ஆண்டுக்கு 18,000 ரிங்கிட். ஓய்வு வயது 60 ஆன பிறகும் ஆறு ஆண்டுக்கு மேல் பழைய கணக்கே ஓடியது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். இறந்தவரின் குடும்பத்துக்கான துக்க இழப்பீடும் அதே திருத்தத்தில் 10,000இலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

அந்த 1,700 ரிங்கிட்டை நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அடுத்த தொல்லை. தோட்டத்தில் கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும் சம்பளச் சீட்டும் இபிஎஃப் கணக்கும் இருக்கும். காய்கறித் தோட்டங்களில் நாள் கூலியைக் கையில் வாங்குபவருக்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. விபத்துக்கு முன் உழைத்து வருமானம் ஈட்டினார் என்று காட்டாவிட்டால் இந்தப் பிரிவில் எதுவும் கிடையாது. காய்கறிப் பண்ணை வேலைக்குப் போகும் பெண்களுக்கு இங்கேதான் பலத்த அடி விழுகிறது.

தப்பில் பாதி அடிபட்டவர் மீதும் விழலாம். தலைக்கவசம் போடாதது, விளக்கில்லாமல் மோட்டார் ஓட்டியது, வளைவில் முந்தியது எல்லாம் கணக்கில் வரும். அவர் மீது 30 விழுக்காடு தப்பு என்று நீதிபதி முடிவு செய்தால் அந்த 120,000 ரிங்கிட் 84,000 ஆகிவிடும். லோரி ஓட்டுநர் மீது போலீஸ் குற்றம் சாட்டியதா, அவர் அபராதம் கட்டினாரா என்பது உதவும் சான்று. ஆனால் ஓட்டுநர் ஜெயிலுக்குப் போனாலும் அந்த வழக்கிலிருந்து இழப்பீடு தானாக வந்துவிடாது. நஷ்டஈட்டுக்குத் தனி சிவில் வழக்கு வேண்டும். அதை செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். மற்ற வழக்குகளில் அதற்கு 10 லட்சம் ரிங்கிட் வரம்பு உண்டு. மோட்டார் விபத்து வழக்கில் வரம்பு இல்லை.

காலக்கெடு மூன்று விதம். காயத்துக்கு ஆறு ஆண்டு. இறந்தவரைச் சார்ந்திருந்தோர் கோருவதற்கு மூன்று ஆண்டு. மோதியது அரசாங்க வாகனமாக இருந்தால், காயமாக இருந்தாலும் 36 மாதம்தான். துக்கம் தீரட்டும், கருமாதி முடியட்டும், வருஷத் திவசம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டு மூன்று ஆண்டைத் தாண்டிய குடும்பத்துக்கு எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாது.

"ஒரு கையெழுத்துப் போடு தம்பி"

அடிபட்டவர் வார்டில் கண் திறக்கும் முன்பே ஒருவர் வந்து நிற்பார். நல்ல சட்டை, கையில் கோப்பு, தமிழ் பேச்சு. "தம்பி, நீ ஒண்ணும் கவலைப்படாத, எல்லாம் நான் பார்த்துக்கிறேன், இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடு." இவர் வழக்கறிஞர் அல்ல, வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகர். இவர்கள் மூலமாக வழக்குச் சேர்ப்பதை வழக்கறிஞர் தொழில் விதிகள் தடை செய்கின்றன. "ஜெயிச்சா எங்களுக்கு இத்தனை பங்கு" என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதையும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனாலும் நடக்கிறது. எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது.

தரகர் வந்தால் சண்டை போட வேண்டியதில்லை. அவர் சொல்லும் வழக்கறிஞரின் பெயரையும் அலுவலகத்தையும் கேட்டுக்கொண்டு, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லலாம். வழக்கறிஞரை நேரில் பார்க்காமல் நியமனத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கட்டணம் எவ்வளவு, வழக்குத் தோற்றால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வந்த தொகை எவ்வளவு, அதில் எதற்கு எவ்வளவு பிடித்தார் என்ற கணக்கைக் கேட்பது கட்சிக்காரரின் உரிமை. கொடுக்க மறுத்தால் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்திடம் புகார் செய்யலாம். இன்னொன்று: லோரி முதலாளி நேரில் வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று இரண்டாயிரம் கொடுத்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் மலாய் வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

காசு இல்லாதவருக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. 1971ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் இயங்கும் இது, வருமானத்தைப் பார்த்து உதவுகிறது. சாலை விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் எடுத்துக்கொள்கிறது. தேசியச் சட்ட உதவி அறவாரியம் வேறு, இது வேறு. அறவாரியம் குற்றவியல் வழக்கில் மாட்டிக்கொண்டவருக்கு, அதாவது லோரி ஓட்டுநருக்கு உதவக்கூடியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் போய் நின்று, உதவியே இல்லை என்று திரும்பி வந்துவிடக் கூடாது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் முதலில் அங்கே ஒரு வார்த்தை கேட்பதும் பயன் தரும், குறிப்பாக சொக்சோ பாரங்கள் விஷயத்தில்.

தாலி இருக்கிறது, தாள் இருக்கிறதா?

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தோட்டத்துக் கோயிலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டியிருப்பார்கள். இருபது ஆண்டு குடும்பம் நடத்தியிருப்பார்கள். பதிவு இலாகாவுக்கு மட்டும் போயிருக்க மாட்டார்கள். கணவன் லோரி மோதி இறந்த பிறகு, மனைவி என்று நிரூபிக்கத் திருமணச் சான்றிதழ் கேட்கும்போதுதான் அந்தத் தாளின் அருமை தெரியும். 1976ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்பின் பதியாமல் நடந்த சடங்குத் திருமணத்தில் மனைவிக்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்களே வேறு வேறு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த ஓட்டையை விடவே மாட்டார். பிள்ளைகளின் நிலை பரவாயில்லை. பெற்றோரின் திருமணம் பதியப்படாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான் என்று சிவில் சட்டத்தின் 7ஆவது பிரிவு ஏற்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று அங்கேயும் பார்ப்பார்கள்.

திருமணம் ஆகி எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், இருவரும் உயிரோடு இருக்கும்போது பதிவுக்கு வழி கேட்கலாம். ஒருவர் போன பிறகு அது வழக்காகிவிடும்.

இன்னும் ஒரு கூட்டத்தைச் சட்டம் சரியாகப் பார்க்கவில்லை. கேமரன் மலையில் அறுபதைத் தாண்டியும் குத்தகை அடிப்படையில் கொழுந்து பறிப்பவர்கள், காய்கறிப் பண்ணையில் களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 62 வயது அம்மா ஒருவர் மீது லோரி மோதினால், அவர் நேற்றுவரை உழைத்துச் சம்பாதித்தவராக இருந்தாலும் 28ஏ பிரிவின்படி எதிர்கால வருமான இழப்பு கிடையாது. வலி வேதனைக்கும் மருத்துவச் செலவுக்கும் மட்டும்தான் வழக்கு. 2019 திருத்தம் 55ஐ 60 ஆக்கியது. அறுபதுக்குப் பிறகும் வேலை செய்கிறவர்களுக்கு அது எதுவும் தரவில்லை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது சொக்சோவின் வேலைக்காயத் திட்டம். அது அறுபது கடந்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. சந்தா முழுவதையும் முதலாளியே கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தமே இல்லை. பிடித்தம் இல்லாததால் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. தம் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று ஆபீஸிலோ, சொக்சோ அலுவலகத்தில் ஐசி எண்ணைக் கொடுத்தோதான் கேட்க வேண்டும். கட்டாமல் விட்டிருந்தால் அது முதலாளி செய்த குற்றம்; அங்கேயே புகார் எழுதிக் கொடுக்கலாம்.